எண்பது வயதில் புது ஆல்பம் எதற்கு?

வாசகர் கேள்வி – பதில்

வயதான ராக் இசைக்குழுக்கள் இன்னும் புது ஆல்பம் போடலாமா என்று போன இதழில் ஒருவர் கேட்டிருந்தார். இடம் இல்லாததால் 'தாராளமாகப் போடலாம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அதற்கு வடசென்னையிலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது, பாதிக்கு மேல் கோபமான கடிதங்கள். ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்: ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்தவன் நான். மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்பு அங்கே பழைய இசைத்தட்டு தேடி அலைந்தவர்களில் நானும் ஒருவன். 2003-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு பெங்களூரு வந்தபோது சென்ட்ரலில் ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். இப்போது அவர்கள் புதிதாகப் பாட்டுப் போட்டால் கேட்கவே மனசு வரவில்லை. இருக்கிற நல்ல பேரோடு பழைய பாட்டைப் பாடிவிட்டு ஒதுங்கிக்கொண்டால் என்ன?

ஒதுங்க வேண்டாம் சார், போடட்டும். ஏன் என்று சொல்கிறேன்.

பழையதைப் பாடுவது சுலபம், புதிதாகச் செய்வதுதான் கஷ்டம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குரலைப் பொறுத்தவரை விஷயம் நேர்மாறு. டீப் பர்ப்பிள் ராக் குழுவின் பாடகர் இயன் கில்லனை எடுத்துக்கொள்ளுங்கள். 'சைல்ட் இன் டைம்' வெளிவந்தது 1970-ல், அவருக்கு அப்போது வயது 24. அந்தப் பாட்டில் சொல்லே இல்லாமல் மேலே மேலே ஏறிக் கடைசியில் அலறலாக மாறுகிற அந்த இடம் உங்களுக்கே தெரியும், அதைக் கேட்டுத்தான் பாதிப் பேர் அவர்களிடம் மயங்கினார்கள். பல வருடங்களாக மேடையில் அவர்கள் அந்தப் பாட்டைத் தொடுவதே இல்லை. தொட்டால் தொண்டை தாங்காது. கல்யாணத்துக்குத் தைத்த சட்டையை எண்பது வயதில் போட்டுக்கொண்டு வரச் சொன்னால் பித்தான் தெறிக்கத்தான் செய்யும், அது சட்டை போட்டவரின் குற்றமில்லை. அதே கில்லன் 2024 ஜூலையில் வந்த '=1' ஆல்பத்தில் 78 வயதில் பாடுகிறார், எந்தச் சிரமமும் தெரியவில்லை. காரணம், மெட்டு அவருடைய இன்றைய குரலுக்குப் போட்டது. உச்சத்துக்கு ஓடாமல், பாதி பேசுகிற மாதிரி, சொல்லை அழுத்தி, அங்கங்கே நிறுத்தி ரசித்துப் பாடுகிறார். பின்னால் டிரம்ஸில் இயன் பெய்ஸ். 1968-ல் குழு தொடங்கியதிலிருந்து விலகாமல் இருக்கிற ஒரே ஆள்.

அதனால் 'பழையதை மட்டும் பாடு' என்று நாம் சொல்வது ஏதோ மரியாதை மாதிரித் தெரிந்தாலும், ஒரு பெரியவரை அவருடைய இருபத்தி நான்காவது வயதோடு தினம் தினம் போட்டி போடச் சொல்வதுதான் அது. புது ஆல்பம் ஒன்றில்தான் அவருக்கு அந்தப் போட்டி கிடையாது.

சரி, ரோலிங் ஸ்டோன்ஸுக்கு வருகிறேன். 'எ பிக்கர் பேங்' 2005-ல் வந்தது. அதற்கப்புறம் சொந்தப் பாட்டுகளோடு ஓர் ஆல்பம் வர 18 வருடம் ஆனது, 2023 அக்டோபரில் 'ஹாக்னி டைமண்ட்ஸ்'. நடுவில் 2016-ல் வந்த 'ப்ளூ அண்ட் லோன்சம்' முழுக்க மற்றவர்களின் பழைய ப்ளூஸ் பாட்டுகள். 'ஹாக்னி டைமண்ட்ஸ்' முழுவதும் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். முதல் பாட்டு 'ஆங்க்ரி' எனக்குப் பிடிக்கவில்லை. இளசு மாதிரிக் காட்டவேண்டும் என்று தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி இருக்கிறார்கள், அந்தப் பளபளப்பில் ஆட்களே தெரியவில்லை. ஆனால் ஆல்பத்தின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். 'ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆஃப் ஹெவன்' ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, ஸ்டீவி வொண்டர் கீபோர்டில், லேடி காகா கூடச் சேர்ந்து பாடுகிறார். பாட்டு முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிற இடத்தில் யாருக்கும் நிறுத்த மனசில்லாமல் மெதுவாக மறுபடி எடுக்கிறார்கள், அந்த இரண்டாவது எடுப்பில் பாடகர் மிக் ஜாகரின் குரல் ஏறுகிற ஏற்றத்தைக் கேட்டுவிட்டு எனக்கு மறுபடி கடிதம் எழுதுங்கள். அதற்கு அடுத்து, கடைசியாக, ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸ் 1950-ல் பதிவு செய்த பாட்டு. இந்தக் குழுவுக்குப் பெயர் வந்ததே அதிலிருந்துதான். கீத் ரிச்சர்ட்ஸின் கிட்டார், ஜாகரின் குரல், மவுத் ஆர்கன், அவ்வளவுதான், வேறு ஆள் இல்லை. மூட்டுவாதம் தன் வாசிப்பை மாற்றிவிட்டது என்று ரிச்சர்ட்ஸே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்த விரல் இந்தப் பாட்டில் அவசரமே படுவதில்லை. இருபது வயதில் அவர்களால் இப்படி வாசித்திருக்கவே முடியாது.

இன்னொன்று. மிக் ஜாகர் பிறந்தது 1943 ஜூலை. நம் இளையராஜா பிறந்ததும் 1943, ஜூன். ராஜா 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் 'வேலியண்ட்' சிம்பொனியை அரங்கேற்றினார். அப்போது பெரம்பூரில் யாராவது 'இந்த வயதில் புதிதாக எதற்கு, பழைய பாட்டையே போட்டுக்கொண்டு இருக்கலாமே' என்று கேட்டார்களா? எனக்குத் தெரிந்து பெருமைதான் பட்டோம். அந்தப் பெருந்தன்மையில் கொஞ்சம் அவர் வயதுக்காரரான வெள்ளைக்காரருக்கும் கொடுக்கலாம் சார்.

கல்லூரி மாணவர், வியாசர்பாடி: கச்சேரி வீடியோக்களில் பார்க்கிறேன், 'இது புது ஆல்பத்திலிருந்து' என்று சொன்னதும் பாதிக் கூட்டம் எழுந்து தண்ணி குடிக்கப் போகிறது. யாருக்கும் வேண்டாத பாட்டை ஏன் பண்ண வேண்டும்? காசுக்காகவா?

காசு வேண்டுமென்றால் அவர்கள் ஆல்பமே போடமாட்டார்கள் தம்பி. பெரிய குழுக்களுக்கு இன்றைக்கு வருமானம் சுற்றுப்பயணத்தில், டிக்கெட்டில், டீ-ஷர்ட்டில், பழைய பாட்டுகளின் உரிமையில். ஸ்டூடியோவில் மாதக்கணக்கில் உட்கார்ந்து புதிதாகச் செய்து, அதை ஸ்ட்ரீமிங்கில் விட்டு, வருகிற சில்லறையை எண்ணினால் கணக்கு ஒத்துவராது. அந்த வயதில், அந்த வசதியில், ஒருவர் அப்படியும் போய் உட்கார்கிறார் என்றால் அவருக்குள் இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். அதற்காகவே நான் ஒருமுறையாவது முழுசாகக் கேட்டுவிடுவேன்.

கூட்டம் எழுந்து போவது உண்மைதான். எனக்கு அது வருத்தமாகவும் இருக்கும். ஆனால் உன் பேட்டையிலேயே ஒரு விஷயம் இருக்கிறது, யோசித்துப் பார். சாவு வீட்டில் ராத்திரி மரண கானா பாடுகிறார்கள். மெட்டு நமக்குத் தெரிந்த மெட்டாக இருக்கும், ஆனால் செத்தவரின் பேர், அவர் பார்த்த வேலை, அவர் பிள்ளைகள், அவர் பட்ட கஷ்டம் எல்லாம் அன்றைக்கு அங்கேயே கட்டுகிற வரிகள். போன வாரம் வேறு வீட்டில் பாடிய வரியையே இங்கேயும் பாடினால் ஜனம் ஒத்துக்கொள்ளுமா? பாடுகிறவர் எவ்வளவு வயதானவராக இருந்தாலும் அந்த ராத்திரிக்குப் புதுசு கட்டித்தான் ஆகவேண்டும், கட்டத் தெரிவதால்தான் அவருக்கு மரியாதை. ப்ளூஸிலும் இதே பழக்கம் உண்டு. சிகாகோவின் ப்ளூஸ் கலைஞர் படி கை 1936-ல் பிறந்தவர், 2022-ல் 86 வயதில் 'தி ப்ளூஸ் டோன்ட் லை' என்று ஆல்பம் போட்டார், யாரும் அவரைப் பார்த்து உனக்கு ஏன் என்று கேட்கவில்லை. ராக்கில் மட்டும்தான் இந்தக் கேள்வி வருகிறது. இளமையை வைத்தே வியாபாரம் செய்து பழகிய இசை அது, பாடுகிறவனுக்கு வயதானதும் வாங்கினவனுக்குச் சங்கடமாகிவிடுகிறது.

பள்ளி ஆசிரியை, தண்டையார்பேட்டை: குழுவில் பாதிப் பேர் இறந்துபோன பிறகும் அதே பெயரில் ஆல்பம் போடுவது சரியா? எனக்கு அது போனவர்களுக்குச் செய்கிற அவமரியாதையாகவே படுகிறது.

இந்தக் கேள்விதான் எனக்கும் கஷ்டமானது அம்மா. இதற்கு ஒரே பதில் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

லெட் செப்பலின் குழுவை முதலில் சொல்கிறேன். 1980-ல் டிரம்மர் ஜான் போனம் இறந்ததும் குழுவைக் கலைத்துவிட்டார்கள். 2007 டிசம்பரில் போனமின் மகனை டிரம்ஸில் உட்காரவைத்து லண்டனில் ஒரே ஒரு கச்சேரி. அதற்கப்புறம் உலகமே கெஞ்சியும் பாடகர் ராபர்ட் பிளான்ட் மறுபடி சேர வரவில்லை, பாடகி ஆலிசன் கிராஸோடு சேர்ந்து வேறு விதமான பாட்டுகள் பாடப் போய்விட்டார். அது ஒரு நேர்மை, எனக்கு அதில் மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் ஏசி/டிசி குழு 2020 நவம்பரில் போட்ட 'பவர் அப்' ஆல்பத்தைப் பாருங்கள். அண்ணன் மால்கம் யங் மறதி நோயில் கிடந்து 2017 நவம்பரில் இறந்துபோனார். தம்பி ஆங்கஸ், அண்ணனும் தானும் சேர்ந்து முன்பு போட்டு வைத்திருந்த கிட்டார் மெட்டுகளை எடுத்துத்தான் அந்த ஆல்பத்தையே செய்தார். எல்லாப் பாட்டிலும் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. அண்ணனின் இடத்தில் கிட்டார் வாசிப்பது அவர்கள் குடும்பத்துப் பையன் ஸ்டீவி. இதை அவமரியாதை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ரோலிங் ஸ்டோன்ஸிலும் டிரம்மர் சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்டில் போய்விட்டார், ஆனால் அவர் முன்பே வாசித்துவைத்த இரண்டு பாட்டுகள் 'ஹாக்னி டைமண்ட்ஸ்'இல் இருக்கின்றன. அதில் ஒன்றில் பல வருடம் முன்பே விலகிப்போன பில் வைமன் வந்து பேஸ் வாசித்திருக்கிறார். டீப் பர்ப்பிளின் பழைய கீபோர்டுக்காரர் ஜான் லார்ட் 2012-ல் இறந்தார், அடுத்த வருடம் வந்த 'நவ் வாட்?!' ஆல்பத்தையே அவர் நினைவுக்குக் கொடுத்தார்கள்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும், இது பலர் கவனிக்காத விஷயம். ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் கிட்டார்காரர் கிளென் டிப்டனுக்குப் பார்க்கின்சன் நோய். 2018-ல் வெளியே சொன்னார்கள். முழு நீளச் சுற்றுப்பயணம் அவரால் முடியாது, மேடையில் அவர் இடத்தில் வேறு ஒருவர் வாசிக்கிறார். ஆனால் 2024 மார்ச்சில் வந்த 'இன்வின்சிபிள் ஷீல்ட்' ஆல்பத்தில் பாட்டு எழுதினவர்களில் அவர் பெயர் இருக்கிறது. பழையதை மட்டும் மேடையில் வாசித்துக்கொண்டு திரியுங்கள் என்று சொன்னால் கிளென் டிப்டன் வீட்டில்தான் உட்காரவேண்டும். ஸ்டூடியோவில் அவசரம் கிடையாது, இன்று கை நடுங்கினால் நாளைக்கு எடுக்கலாம், தானே வாசிக்க முடியாவிட்டால் யோசனையாவது சொல்லலாம். மேடை கைவிட்ட ஒருவரை ஆல்பம் கைவிடாமல் வைத்திருக்கிறது.

யார் இருக்கிறார்கள் என்பதைவிட ஏன் செய்கிறார்கள் என்று பார்ப்பேன் நான். பெயரை மட்டும் குத்தகைக்கு எடுத்து, பழைய ஆள் ஒருவர்கூட இல்லாமல் போடுகிற ஆல்பங்களும் உண்டு. அவற்றுக்காக நான் வாதாட மாட்டேன்.

தொழிற்சாலை ஊழியர், எண்ணூர்: பிளாக் சாபத் குழு என் உயிர். கடைசிக் கச்சேரியில் ஒரு புதுப் பாட்டும் இல்லை, அதுதான் அழகாக இருந்தது. அவர்களுடைய '13' ஆல்பம் இல்லாமலே இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து?

பாதி ஒத்துப்போகிறேன். 2025 ஜூலை 5-ஆம் தேதி, பர்மிங்காம் வில்லா பார்க்கில், பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். பிளாக் சாபத்தாக நான்கு பேரும் வாசித்தது நான்கே பாட்டு, நான்கும் 1970-ல் வந்தவை. ஜூலை 22-ல் அவர் போய்விட்டார். விடைபெறுகிற அந்தச் சாயங்காலத்துக்கு அந்த நான்கு பாட்டுதான் சரி, அங்கே புதுசு பாடியிருந்தால் எனக்கும் பிடித்திருக்காது.

ஆனால் '13' வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள், நீங்கள் மிஷினில் வேலை பார்ப்பவர் என்பதால் உங்களிடம் இதைச் சொல்லத் தோன்றுகிறது. அவர்களுடைய கிட்டார்காரர் டோனி அயோமி பதினேழு வயதில் பர்மிங்காமில் தகடு அடிக்கிற தொழிற்சாலையில் இருந்தவர். வேலையை விட்டு நிற்கிற கடைசி நாள், பிரஸ் மிஷின் வலது கையில் நடு விரல், மோதிர விரல் இரண்டின் நுனியையும் எடுத்துவிட்டது. அவர் இடதுகைக்காரர், தந்தியை அழுத்துகிற கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி மாதிரி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளைப் போட்டு, அப்புறம் சுருதியையும் இறக்கி அவர் வாசித்த வாசிப்பிலிருந்துதான் நீங்கள் உயிரை விடுகிற அந்தக் கனத்த சத்தம் வந்தது. அதே மனுஷனுக்கு 2012 தொடக்கத்தில் நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை ஒரு பக்கம் நடக்க, மறுபக்கம் '13'-ஐ முடித்தார். 2013 ஜூனில் வந்தது, பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, அங்கே அதற்கு முன் முதலிடம் பிடித்த அவர்களுடைய ஆல்பம் 1970-ன் 'பாரனாய்ட்'.

அதில் எனக்குக் குறை உண்டு. தயாரிப்பாளர் ரிக் ரூபின் அவர்களை உட்காரவைத்து முதல் ஆல்பத்தை மறுபடி கேட்கச் சொன்னார், அதன் விளைவு ஆரம்பப் பாட்டிலேயே தெரிகிறது, பழைய 'பிளாக் சாபத்' பாட்டின் சாயல் அப்படியே. டிரம்மர் பில் வார்டு இல்லாத குறையும் எனக்குத் தீரவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கும் ஸ்டூடியோவுக்குமாக அலைந்துகொண்டு ஒருவர் புதிதாக மெட்டுப் போடுகிறார் என்றால், அது வந்திருக்கவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

குடும்பத்தலைவி, ராயபுரம்: என் கணவர் காலையில் இருந்து ஸ்கார்ப்பியன்ஸ் குழுவின் பாட்டுதான். அந்தக் குரல் இப்போது நடுங்குகிறதே, அதை ஏன் பதிவு செய்ய வேண்டும்?

வயதானால் குரல் நாண்கள் மெலியும், முழுசாக மூடாது, காற்றுக் கசியும், மூச்சும் குறையும். உச்சமும் பலமும்தான் முதலில் போகும். கர்நாடக சங்கீதத்தில் இதற்கு வழி வைத்திருக்கிறோம், சுருதியை அரைக் கட்டை ஒரு கட்டை இறக்கிக்கொண்டு பாடலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. ராக்கில் கிட்டார் மெட்டே தந்தியின் இறுக்கத்தோடு சேர்ந்தது, இறக்கினால் பாட்டின் நிறமே மாறும், ரசிகர்கள் உடனே பழைய பதிவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். அதனால்தான் மேலே சொன்னேன், புதுப் பாட்டில் குரலுக்குத் தகுந்த மாதிரி எழுதிக்கொள்ளலாம். நடுக்கம் இருந்தால் இருக்கட்டும் அம்மா. பாடகர் லெனார்ட் கோஹன் 82 வயதில், 2016 அக்டோபரில் போட்ட ஆல்பத்தில் கிட்டத்தட்டப் பேசுகிறார், ஆழத்திலிருந்து வருகிற அந்தக் குரலில்தான் அந்தச் சொற்கள் அப்படிக் கனக்கின்றன. மூன்றே வாரத்தில் இறந்துபோனார். உங்கள் கணவரை அதைக் கேட்கச் சொல்லுங்கள், பெயர் 'யூ வாண்ட் இட் டார்க்கர்'.

வாசகர், கொருக்குப்பேட்டை: ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்கள், வளவள வேண்டாம்.

தி க்யூர் குழு, 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்', 2024 நவம்பர். முந்தைய ஆல்பத்துக்கு 16 வருடம் கழித்து வந்தது. ராத்திரியில் கேளுங்கள்.

ஒரு கிட்டார்காரர், கொளத்தூர்: நாங்கள் நான்கு பேர், கல்லூரியில் ஆரம்பித்த குழு, எல்லோருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. கிறிஸ்துமஸ் டான்ஸ், ரிசப்ஷன் என்று பழைய ஆங்கிலப் பாட்டுகள் வாசிக்கிறோம். சொந்தமாக ஆறேழு பாட்டு எழுதிப் பதிவு செய்ய ஆசை. வீட்டில் சிரிக்கிறார்கள். டிரம்மருக்கு வேறு மூட்டு வலி. செய்யலாமா?

இத்தனை கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் உங்களுடையது அண்ணா. செய்யுங்கள், இந்த வருடமே செய்யுங்கள்.

கல்லூரியில் எழுதிப் பாதியில் விட்ட பாட்டைத் தூசி தட்டாதீர்கள், அந்தப் பையன்கள் இப்போது இல்லை. இன்றைக்கு உங்கள் வாழ்க்கையில் என்ன நடக்கிறதோ அதை எழுதுங்கள். பிள்ளை வெளியூர் போனது, சர்க்கரை மாத்திரை, நிரந்தரம் என்று நினைத்த வேலை போனது, பெரம்பூர் பக்கம் நீங்கள் வாசித்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது, இதையெல்லாம் உங்கள் வயதுக்காரர்தான் எழுதமுடியும். முடிந்தால் தமிழில் எழுதிப் பாருங்கள். 2018 ஜனவரியில் சென்னையின் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு முதன்முதலாக மேடையேறியபோது கானாவும் கிட்டாரும் டிரம்ஸும் ஒரே மேடையில் எவ்வளவு பொருந்துகின்றன என்று இந்த ஊரே பார்த்தது.

பாட்டை எழுதும்போதே பாடுகிறவரின் வசதியான சுருதியைப் பார்த்து அதில் எழுதுங்கள், அப்புறம் இறக்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். டிரம்மருக்கு மூட்டு வலி என்றால் வேகமான பாட்டு வேண்டாம், நிதானமான தாளத்தில் எழுதுங்கள், காலால் அடிக்கிற பேஸ் டிரம்மில் அடிகளைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கேட்பவருக்குக் குறை தெரியாது. நான்கு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து சேர்ந்து வாசிப்பதையே பதிவு செய்யுங்கள், தனித்தனியாக எடுத்து ஒட்டினால் இத்தனை வருடம் கூட வாசித்த பழக்கம் காணாமல் போய்விடும். ஸ்டூடியோ வாடகை கட்டுப்படி ஆகவில்லை என்றால் லேப்டாப்பும், நாலைந்து மைக் சொருகுகிற சின்ன ஆடியோ பெட்டியும் போதும், மின்விசிறியை மட்டும் மறக்காமல் நிறுத்திவிடுங்கள். ஆறேழு பாட்டு சேரும்வரை காத்திருக்காமல் இரண்டு முடிந்ததும் அடுத்த கிறிஸ்துமஸ் டான்ஸில் நடுவில் வாசித்துவிடுங்கள். சிலர் எழுந்து போவார்கள், போகட்டும், பாட்டைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.